தணிக்கை நாள் பிள்ளைகள்

அன்று காசிப்பூர் சட்டைத் தொழிற்சாலையின் குழந்தைகள் அறையில் இருந்தவர்கள்: இரவல் பிள்ளைகள் ஆறு பேர், விலைச்சீட்டு பிய்க்காத துணி யானை ஒன்று, நல அதிகாரி மொதாலேப், அன்று மட்டும் ஆயா வேடம் போட்டிருந்த காலர் தையல்காரி ஜோரினா.

வெளிநாட்டுக் கம்பெனி ஆர்டர் தர வேண்டுமானால், தைப்பவளின் பிள்ளைக்கு ஓர் அறை வேண்டும். அறை இருந்தது. காலையில்தான் அதிலிருந்த நூல் பெட்டிகளை வெளியே தள்ளினார்கள்.

"இன்னிக்குத் தப்பிச்சிட்டா ரூமை நிஜமாவே திறந்து வைக்கிறேன். நீதான் நிரந்தர ஆயா," என்றார் மொதாலேப்.

ஜோரினாவுக்கு அது போதும். காலனியில் ஐந்து பிள்ளைகளைத் திரட்டினாள். ஆறாவது பையன் விடிகாலையில் ரங்பூர் பஸ்ஸில் ஓர் உறவுக்காரியோடு வந்து இறங்கியவன்.

அந்தக் கம்பெனி அனுப்பிய தணிக்கை மேடம் நுழைந்ததும் ஒரு சிறுமி யானையைக் கட்டிக்கொண்டாள். "இது எனக்கா?"

"தினமும் இப்படித்தான் கேப்பா மேடம்," என்றாள் ஜோரினா.

"தினமும் விளையாடற பொம்மையில விலைச்சீட்டா?"

மொதாலேப் பாய்ந்து சீட்டைப் பிய்த்தார். யானையின் காதும் சேர்ந்து வந்தது. சிறுமி அலறினாள். துணைக்கு நாலு பேர் அலறினார்கள்.

"தூக்கம் வந்துடுச்சு மேடம்." ஜோரினா அவர்களைக் கட்டிலில் கிடத்தினாள். மெத்தையின் பிளாஸ்டிக் உறை மொறுமொறுத்தது.

"உறையைப் பிரிக்கவே இல்லையே?"

"ஒண்ணுக்குப் போயிடுவாங்க மேடம்."

கேட்டதும் ஒருவன் போனான்.

அழாமல் நின்றவன் ரங்பூர் பையன் மட்டும். மேடம் அவன் முன் குனிந்தார். "தம்பி, இந்த ஆயா உன்னை நல்லாப் பாத்துக்கறாங்களா?"

ஜோரினா அவசரமாக அவனைத் தூக்கினாள். அவன் திமிறி இறங்கினான்.

"இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. காலையிலேர்ந்து சும்மா சும்மா முத்தம் குடுக்கறாங்க."

மேடம் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"ஒரு பையனைப் பழக்க முடியல, நீ ஆயாவா?" மொதாலேப் கத்தினார். "போ, காலர் குவிஞ்சு கிடக்கு." நூல் பெட்டிகள் மறுபடி அறைக்குள் போயின.

பையன் உறவுக்காரியின் விரலைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான். திரும்பிப் பார்க்கவில்லை.

தையல் கூடத்து வாசலில் காவலாளி கேட்டார்: "ஏம்மா ஜோரினா, ரெண்டு வருஷம் கழிச்சு மகனைப் பாத்தியே, என்ன சொன்னான்?"

அவள் உள்ளே போனாள். பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.