விமானம் ஓட்டிய அம்மாவின் விகுதி

பெண்ணுக்குச் சம உரிமை கொடுத்த நாடுகள் உலகில் பல உண்டு. சில நாடுகள் சட்டம் போட்டுக் கொடுத்தன. சில, சண்டை போட்ட பிறகு கொடுத்தன. ஆனால் அதே சம உரிமையை ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஷாமியானாவின் கீழ், ஆளுக்கொரு சமோசாவோடு கொடுத்து முடித்த பெருமை சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்த ராயல் ஜூபிட்டர் மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றுக்கே உரியது.

அந்தச் சரித்திரத்தில் ஓரமாக நின்றவள் நாகலக்ஷ்மி. பீர்க்கன்கரணையிலிருந்து தாம்பரம் வந்து, பஸ் மாறி, பிரேயருக்கு மணி அடிப்பதற்குள் ஓடிவந்து சேரும் ஒன்றாம் வகுப்புத் தமிழ் டீச்சர். எல்லாப் பிள்ளைகளும் தமிழ் படித்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்த புதிது. ஏர்ஃபோர்ஸ் குடியிருப்பிலிருந்து வரும் பஞ்சாபி, பீகாரி, ஒரியப் பிள்ளைகள் ‘ழ’வை வாய்க்குள் போட்டுக்கொண்டு துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்தார்கள். நாகலக்ஷ்மி அவர்களை மெல்ல மெல்ல ‘பழம்’ வரை கொண்டுவந்திருந்தாள்.

பள்ளியின் தாளாளர் மோகன்ராஜ் பெண்ணினத்தின் காவலர். ஆசிரியர் வேலைக்குப் பெண்களையே எடுப்பார். “லேடீஸ்தான் எவ்வளவு குடுத்தாலும் சிரிச்சிக்கிட்டே வாங்கிப்பாங்க” என்பது அவர் பெண்மைக்குச் சூட்டிய மகுடம். ‘துலாக்கோல் அறக்கட்டளை’ என்ற அமைப்பு ‘பாலின நேயப் பள்ளி’ என்று ஒரு விருது தரப்போவதாக அவர் காதுக்கு எட்டியது. ஹோமத்துக்கு ஐயரைத் தேடுவது போல அவர் உடனே ஒரு டீச்சரைத் தேடினார்.

“அந்தத் தமிழ் பொண்ணை வரச் சொல்லு” என்றார்.

நாகலக்ஷ்மி போய் நின்றாள்.

“வாம்மா. அடுத்த வாரம் விருதுக்காரங்க முன்னாடி மாடல் கிளாஸ். ஆண்பால் பெண்பால் எடுக்கணும். ஆனா பழைய மாதிரி அம்மா சமைச்சா, அப்பா ஆபீஸ் போனார்னு வேண்டாம். மாடர்னா இருக்கணும். நல்லா பண்ணிட்டேன்னா உன்னை பெர்மனன்ட் பண்ணிடறேன்.”

மூன்றாவது ஆண்டாகத் ‘தற்காலிகமாக’ வேலை பார்த்துக்கொண்டிருந்த நாகலக்ஷ்மிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அன்று மாலையே சார்ட் அட்டை வாங்கி, படம் வரைந்து, வண்ணம் தீட்டினாள். ஓர் அட்டையில் அம்மா விமானம் ஓட்டினாள். இன்னொன்றில் அப்பா ஏப்ரன் கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினார். நுரைகூடத் தத்ரூபமாக வந்திருந்தது.

மறுநாள் ஒத்திகை பார்க்கலாமென்று இரண்டையும் வகுப்பில் தூக்கிப் பிடித்தாள்.

“அம்மா விமானம் ஓட்டினாள்!” என்றாள். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள்.

“அப்பா பாத்திரம் கழுவினார்!” என்றாள். அதையும் சொன்னார்கள்.

இரண்டாவது பெஞ்சில் குர்லீன் என்ற பஞ்சாபிச் சிறுமி மட்டும் கையைத் தூக்கினாள். விமானப் படையில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு மகள். அட்டைகளை மாறி மாறிப் பார்த்தாள்.

“மிஸ், பாத்திரம் கழுவினா ‘ஆர்’. விமானம் ஓட்டினா ‘ஆள்’. அம்மா என்ன தப்பு பண்ணார்?”

நாகலக்ஷ்மி தமிழ் இலக்கியத்தில் இரண்டு பட்டம் வாங்கியவள். இந்தக் கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை. அம்மாவை ஆகாயத்தில் ஏற்றியாயிற்று. விகுதி மட்டும் தரையிலேயே நின்றுவிட்டது. தன் வீட்டு ஞாபகம் வந்தது. அவள் கணவனைப் பற்றி யாரிடம் பேசினாலும் ‘அவர் சொன்னார்’ என்பாள். அவன் அவளைப் பற்றிப் பேசினால் ‘அவ கெடக்கா’ என்பான். அன்பாகத்தான்.

டஸ்டரை எடுத்தாள். போர்டிலிருந்த ‘ஓட்டினாள்’ என்பதன் வாலை அழித்து, ‘ஓட்டினார்’ என்று எழுதினாள். “இனிமே அம்மாவுக்கும் ‘ஆர்’தான்” என்றாள். குர்லீன் கைதட்டினாள். சாக்பீஸ் தூளோடு நாகலக்ஷ்மியும் சிரித்தாள்.

பிரளயம் மறுநாள் காலை புல்லட்டில் வந்தது. ஓட்டி வந்தவர் வடிவேலு, பெற்றோர் சங்கத் தலைவர். பெரும்பாக்கம் பக்கம் மனை போட்டு விற்பவர். அவர் மகள் நிஷாவும் அதே வகுப்பு.

“இன்னா சார் நடக்குது உங்க ஸ்கூல்ல?” என்று தாளாளர் அறைக்குள் நுழைந்தார். “நேத்து சாப்ட்டுகினு கீறேன். ‘எங்கடி உங்கம்மா, வந்து கொழம்பு ஊத்தச் சொல்லு அவளை’ன்னேன். ‘அவளை இல்லப்பா, அவரை’ன்றா எம் பொண்ணு! ‘அம்மா ஊத்தினார்னு சொல்லணும், மிஸ் சொன்னாங்க’ன்றா. அத்தக் கேட்டுகினு இருந்த என் சம்சாரம் கரண்டிய வெச்சிட்டு உக்காந்துகிச்சு சார்!”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா அப்புறம்? நானே ஊத்திகினேன்!” வடிவேலுவின் குரல் உடைந்தது. “பேஜாரா பூட்ச்சு சார்.”

ஒரு குடும்பம் சிதைந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு மோகன்ராஜால் சும்மா இருக்க முடியவில்லை. அன்று மதியமே ‘பாலினச் சமத்துவ உயர்மட்டக் குழு’ கூடியது. தலைவர் மோகன்ராஜ். உறுப்பினர்கள் மூவர்: வடிவேலு, மேல்வகுப்புத் தமிழாசிரியர் புலவர் சவுரிமுத்து, பம்மலில் அச்சகம் வைத்திருக்கும் ஹிதாயத்துல்லா. மாடல் கிளாஸ் பாடத்தை வண்ணப் புத்தகமாக அச்சடிக்கும் பொறுப்பு அவருடையது. பெண்களுக்குப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்பதால் ஒரு நாற்காலியில் ‘மகளிர்’ என்று தாள் ஒட்டிப் போட்டிருந்தார்கள். தாளாளர் எதிரில் உட்காருவது மரியாதை இல்லை என்பதால் நாகலக்ஷ்மி அதன் பக்கத்தில் நின்றாள்.

புலவர் தொண்டையைச் செருமினார். “‘ஆர்’ என்பது பலர்பால் விகுதி. ஓர் அம்மாவுக்கு அதைப் போட்டால், அந்த வீட்டில் பல அம்மாக்கள் இருப்பதாகப் பொருள்படும். குடும்பத்துக்கு இழுக்கு.”

“அப்பாவுக்குப் போடறோமே சார்?” என்றாள் நாகலக்ஷ்மி.

“அது மரியாதைப் பன்மை.”

“அப்போ அம்மாவுக்கு?”

புலவர் கண்ணை மூடித் திறந்தார். “அம்மாவுக்கு அன்பொருமை.”

அப்படியொரு இலக்கண விதி அந்தக் கணம்தான் பிறந்தது. குழு அதை மேசையைத் தட்டி வரவேற்றது.

“நான் லேடீஸுக்கு மரியாத குடுக்கறவன் மேடம்” என்றார் வடிவேலு. “நான் போட்ட மனைக்கே ‘அன்னை நகர்’னுதான் பேர் வெச்சுக்கீறேன். ஒண்ணு செய்ங்க. எங்க வூட்ல எங்கம்மா வந்துச்சு, எங்கப்பா வந்துச்சு, மாமியா வந்துச்சு. அல்லாருக்கும் ‘துச்சு’ போட்டுடுங்க. சமமாப் பூடும்.”

“அஃறிணை!” என்று புலவர் காதைப் பொத்திக்கொண்டார். “பெற்றவர்களை ஆடு மாடோடு கட்டுகிறார்களே!”

“அப்படின்னா, அப்பாவையும் ஒருமையிலேயே சொல்லிடலாமா?” என்று மெல்லக் கேட்டாள் நாகலக்ஷ்மி. “அம்மா ஓட்டினாள், அப்பா கழுவினான்.”

சுவரில் மாலையோடு தொங்கிய மோகன்ராஜின் தகப்பனார் படத்தை நால்வரும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள். பள்ளியை நிறுவியவர். அந்த யோசனை முன்மொழியப்படவில்லை என்றே கூட்டக் குறிப்பில் ஏறியது.

ஹிதாயத்துல்லா கடிகாரத்தைப் பார்த்தார். “சார், ளாவோ, ராவோ, சட்டுனு சொல்லுங்க. அச்சுக்கு பிளேட் போடணும். அஸர் தொழுகைக்குள்ள நான் பம்மல் போயாகணும்.”

நெருக்கடியில்தான் தலைவர்கள் உருவாகிறார்கள். மோகன்ராஜ் எழுந்தார்.

“பிரச்சினை எங்க வருது? அம்மா எதையாவது செய்யறதாலதானே வருது? அவங்க ஒண்ணும் செய்யாம இருந்துட்டா ஆரும் வேண்டாம், ஆளும் வேண்டாம்!”

புலவர் புல்லரித்துப்போனார். “ஆகா! வினைமுற்றே இல்லாமல் தமிழில் வாக்கியம் அமையுமே ஐயா! ‘அம்மா விமானத்தில்.’ முடிந்தது!”

“விமானத்துல உட்டா எப்ப எறங்கும்?” என்றார் வடிவேலு. “வூட்லயே இருக்கட்டும்.”

‘அம்மா வீட்டில்’ என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஆனால் விமானம் ஆளில்லாமல் பறக்க முடியாது. அறுபது பிரதிக்கும் அட்டைப்படம் விமானம்தான் என்று முன்பே முடிவாகியிருந்தது. எனவே அப்பா பெருந்தன்மையோடு விமானத்தை ஏற்றுக்கொண்டார். அப்புறம் பாத்திரங்கள் சிங்கில் கிடந்தன. யார் கழுவுவது என்று குழு சற்று நேரம் தரையைப் பார்த்தது. புலவர்தான் கை கொடுத்தார். “செயப்பாட்டு வினை” என்றார்.

பாடம் முழுமை பெற்றது:

*அப்பா விமானம் ஓட்டினார். பாத்திரங்கள் கழுவப்பட்டன. அம்மா வீட்டில்.*

“யாரால கழுவப்பட்டன சார்?” என்று கேட்டாள் நாகலக்ஷ்மி.

“அது போர்ஷன்ல இல்லம்மா” என்றார் மோகன்ராஜ் கனிவாக. “பெர்மனன்ட் விஷயம் ஞாபகம் இருக்குல்ல?”

இருந்தது. வீட்டு வாடகையும் ஞாபகம் இருந்தது. நாகலக்ஷ்மி புதிய வாக்கியங்களைப் பிள்ளைகளுக்கு நெட்டுருப் போட வைத்தாள். சொல்லித் தரும்போது குர்லீன் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை. விருது தர வரவேண்டியவர் முனைவர் ஜோதிலட்சுமி; பெண்கள் வீட்டை விட்டு வெளியே வருவது பற்றி ஆராய்ச்சி செய்தவர். காரிலிருந்து இறங்கியது அவருடைய கணவர்.

“அவளுக்கு வரணும்னு ரொம்ப ஆசை” என்று மைக்கில் சொன்னார். “எங்க தங்கச்சி வீட்லேர்ந்து பதினஞ்சு பேர் திடீர்னு வந்துட்டாங்க. அதனாலென்ன? அவ எழுதின பேச்சை நானே படிச்சிடறேன். அவ வேற, நான் வேறயா? அதுதானே சமத்துவம்!”

கைதட்டலில் ஷாமியானா ஆடியது. தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாடல் கிளாஸ் தொடங்கியது. விமானம் ஓட்டப்பட்டது. பாத்திரங்கள் கழுவப்பட்டன. விருந்தினர் குனிந்து குர்லீனிடம், “உனக்கு ஏதாவது கேக்கணுமா பாப்பா?” என்றார்.

“ஆன்ட்டி எங்கே அங்கிள்?”

“ஆன்ட்டியா? ஆன்ட்டி வீட்டில்.”

படித்த பாடம் கண்ணெதிரே நடந்துவிட்ட மகிழ்ச்சியில் வகுப்பே துள்ளியது. “அம்மா வீட்டில்! அம்மா வீட்டில்!” என்று ஒரே கோஷம். குர்லீன் மட்டும் குழம்பிப்போய் நாகலக்ஷ்மியைத் திரும்பிப் பார்த்தாள்.

“மிஸ், எல்லா அம்மாவும் வீட்டில். நீங்க மட்டும் எப்படி வந்தார்?”

நாகலக்ஷ்மி அன்று விடியுமுன் எழுந்து, உலை வைத்து, டப்பா கட்டி, தாம்பரம் பஸ்ஸின் படியில் ஒற்றைக் காலில் நின்று வந்திருந்தாள். வந்தாரா, வந்தாளா என்று தனக்கே ஒரு விகுதி தேடினாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்ள இரண்டுமே பொருந்தவில்லை. பொருந்திய ஒன்றைப் போர்டில் பெரிதாக எழுதினாள்.

*நான் வந்தேன்.*

“மிஸ், இது ஆரா, ஆளா?”

“ரெண்டும் இல்லடா. தன்னைப் பத்தித் தானே சொன்னா ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வார்த்தைதான். யார் சொன்னாலும் இதுதான்.”

குர்லீன் ஒரு நொடி யோசித்தாள். பெஞ்சின் மேல் ஏறி நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். “நான் விமானம் ஓட்டினேன்!”

“நான் விமானம் ஓட்டினேன்!” என்று நிஷாவும் ஏறினாள். பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், “நான் பாத்திரம் கழுவினேன்!” என்று வெட்கமே இல்லாமல் கத்தினான். வகுப்பு முழுக்க விமானங்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வடிவேலுவின் தலைக்கு மேலேயே மகளின் கைகள் ஒரு வட்டம் அடித்தன. புலவர் தன்னை மறந்து “இலக்கணப்படி சரிதான்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். விருந்தினர் எதுவும் புரியாமல் கைதட்டி, விருதை மோகன்ராஜ் கையில் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தார்.

திங்கட்கிழமை நாகலக்ஷ்மியிடம் ஓர் உறை தரப்பட்டது. கேம்ப் ரோடு பஸ் நிறுத்தத்தில் நின்று பிரித்துப் படித்தாள். உயர்மட்டக் குழு வீட்டில் வைத்த அம்மாவை முன் அனுமதியின்றி வெளியே விட்டது, மாணவிகளிடையே ‘நான்’ என்ற அகந்தையைத் தூண்டியது என்று குற்றங்கள் வரிசையாக இருந்தன. கடைசி வரிக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

பெண்ணுக்கு மரியாதை கொடுப்பதில் ராயல் ஜூபிட்டர் பள்ளி யாருக்கும் சளைத்ததில்லை. மூன்றாண்டாக ‘வாம்மா’, ‘போம்மா’, ‘அந்தத் தமிழ் பொண்ணு’ என்றே சொல்லி வந்த பள்ளி, அன்று முதல் முறையாக அவளுக்கு ஒரு முழு ‘ஆர்’ போட்டிருந்தது:

‘நாகலக்ஷ்மி இன்று முதல் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.’