நாற்பத்தேழு திரும்பியது

கிட்ட வந்து உட்காருங்க. ஆபீஸ் சங்கதி இது. சத்தமாச் சொன்னா அதுக்கும் ஒரு மனு கேப்பாங்க.

ஒரு தையல்காரம்மாவுக்கு எட்டு வயசில் ஒரு மகள். சட்டைக் காலர் உரசினால் அழுவாள். தையல் மெஷின் ஓடினால் மேஜைக்கடியில் போய் உட்காருவாள். பட்டன் பெட்டியைக் கொடுத்தால் நாளெல்லாம் எண்ணுவாள். நம்பர் என்றால் உயிர். ஆட்டிசம்தான் என்று தாய்க்குத் தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்துக்குத் தாள் வேணுமே. மாசக் கடைசிக்குள் சான்றிதழ் வந்தால் தனி டீச்சர். வராவிட்டால் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுங்க என்று சொல்லிவிட்டார்கள்.

பரிசோதனை நிலையத்தில் டாக்டர் படிவத்தைப் பார்த்தபடியே, "நாற்பத்தேழு" என்றார்.

பிள்ளை சட்டென்று திரும்பியது.

"பேர் சொன்னதும் திரும்புகிறது. திரும்பினால் ஆட்டிசம் இல்லை."

"அது டோக்கன் நம்பர் சார். நம்பர் சொன்னா இவ தூக்கத்துலயும் திரும்புவா."

"பேரை உச்சரிப்பது அந்தரங்கப் பாதுகாப்பு நெறிமுறைக்கு முரணானதும்மா."

மேல்முறையீட்டுக்கு மாடியில் பெரிய டாக்டர். அவர் படிவத்தையும் அதன் நகலையும் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். "ரெண்டும் ஒத்துப்போகுது. துல்லியம் நூற்றுக்கு நூறு."

"ஒரு தடவை பிள்ளையைப் பாருங்களேன்."

"பாத்தா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும்மா. துல்லியம் கெட்டுடும்."

'ஆட்டிசம் இல்லை' என்று முத்திரை குத்திய தாளோடு தையல்காரம்மா படியிறங்கினாள். கீழ்ப்படியில் ஒரு லாரி டிரைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மகள் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி வைத்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள்.

"வகுப்புல ரொம்பப் பேசுறான்னு டீச்சர் இங்க அனுப்பினாங்க தங்கச்சி. நாற்பத்தெட்டுன்னு கூப்பிட்டாங்க. வேற யாரையோன்னு இவ திரும்பல. ஆட்டிசம்னு முத்திரை குத்திக் கொடுத்துட்டாங்க. வீட்ல போய் என்ன சொல்றது?"

தையல்காரம்மா தன் தாளையும் அவர் தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேர் எங்கேயும் இல்லை, நம்பர் மட்டும்தான். நெறிமுறையாச்சே.

"அண்ணே, மாத்திக்குவோமா?"

மாத்திக்கொண்டார்கள். நிலையம் திறந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் ரெண்டு முடிவு சரியாக வந்தது.

சங்கதி வரிசை முழுக்கப் பரவிவிட்டது. பெற்றவர்கள் ஆளுக்கொரு தாளோடு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவளும் படியில் நன்றாகச் சம்மணம் போட்டாள். ஒருத்தி தன் மகனை முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "அக்கா, இவன் என்ன பண்றான்னா..." என்று ஆரம்பித்தாள்.

தையல்காரம்மா பையனை ஓரமாக விலக்கிவிட்டுக் கையை நீட்டினாள். "அவன் அங்க நிக்கட்டும். தாளைக் கொடு."