பச்சை வட்டத்துக்குள் ஒரு மதில்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மதில்கள் எல்லாவற்றோடும் தனித்தனியாகக் கோபித்துக்கொண்டிருந்த ஒரே மனிதர் சுத்துவழியார்தான். எந்த இடத்துக்கு வழி கேட்டாலும் சுற்றுவழியையே சொல்வார் என்பதால் அந்தப் பட்டம். சொந்தப் பெயர் எங்கள் அலுவலகச் சம்பளப் பதிவேட்டில் இருந்தது. அதைப் பார்க்க ஒருவரும் மெனக்கெடவில்லை.

நகரத்தில் யாருக்கு வீடில்லை, யாருக்குச் சாப்பாட்டுச் சாமான் எட்டவில்லை என்று வரைபடம் போடுவது எங்கள் கந்தோரின் வேலை. கணினியில் கடையை நடுவில் வைத்து நான் வட்டம் போடுவேன். உள்ளே பச்சை, கடை நடந்து எட்டும்; வெளியே சிவப்பு, எட்டாது. சிவப்பு இடங்களுக்குக் கிழமைக்கொருதரம் அரிசி, மரக்கறியோடு நடமாடும் கடை போகும். ஏசிக் காற்றில் இருந்தபடியே ஒரு காலைப்பொழுதில் பாதி நகரத்தின் பசியைத் தீர்த்துவிடுவேன்.

சுத்துவழியார் நம்பமாட்டார். பத்துக் கிலோ அரிசியைத் தோளில் வைத்து நடந்து பார்த்துவிட்டு வருவார்.

"வெறுங்கையோடை நடக்கிறதும் ஒரு தூரமோ, தம்பி? உம்மடை வட்டம் காகத்துக்குச் சரி. காகம் எந்தக் கடையிலை அரிசி வாங்குது?"

அரியாலையில் ஒரு பெண் அவரை மறித்து விலை கேட்டாள். "இது விக்கிறதுக்கில்லைப் பிள்ளை, நடக்கிறதுக்கு" என்றார். அவள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுப் படலையைச் சாத்தினாள். இன்னொருமுறை நாயொன்று மூட்டையைக் கிழித்துவிட, அளந்த தூரம் முழுவதும் கோழிகள் பின்னால் வந்தன. "சந்தேகமெண்டால் கோழியளைக் கேளும்" என்றார் என்னிடம்.

அவருடைய பெரிய வழக்கு, கொழும்புத்துறையில் ஒரு கடற்கரையோர ஒழுங்கை, குறுகிய சந்து. முன்பு அந்தச் சனங்கள் ஒரு வெறுங்காணியின் வேலியில் ஆள் நுழையுமளவு பொட்டொன்றுக்குள்ளால் புகுந்து ரோட்டுக் கடைக்கு வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த காணிக்காரர் வேலியைப் பிடுங்கி மதில் கட்டினார். அதன்பிறகு கரையோரமாய்ச் சுற்றவேண்டும். என் வரைபடத்தில் ஒழுங்கை பச்சையாகவே இருந்தது.

"சிவப்பு அடியும், தம்பி."

"அண்ணை, அறிக்கை அச்சுக்குப் போயிட்டுது. அடுத்தமுறை பாப்பம்."

இப்படி மூன்று அடுத்தமுறைகள் போயின.

ஒரு திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. நெஞ்சுவலி, ஆள் முடிந்துவிட்டார் என்றார்கள். செத்தவீட்டுக்கு வழி விசாரித்துப் போனால், அதே ஒழுங்கை. மதிலுக்குப் பின்னால் மூன்றாவது தகரக்கூரை. மூன்று வருடம் பக்கத்து மேசை. ஊரில் வீடில்லாதவர்களையெல்லாம் தேடிப் புள்ளி வைத்த நான், அவருடைய வீடு எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"தன்ரை ஒழுங்கைக்குக் கேக்கிறானெண்டு நினைப்பாங்கள், சொல்லமாட்டன் எண்டிட்டார்" என்றார் அவர் மனைவி. பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "சிவப்பு அடிக்கிற தம்பி நீங்களோ? நல்ல பிள்ளை, ஒருநாளைக்கு அடிப்பான் எண்டு சொல்லுவார்."

செருப்பைக் கழற்றிவிட்டுப் பாடைக்குத் தோள் கொடுக்கப் போனேன்.

ஒழுங்கைக்குள் வாகனம் வராது. பாடையைத் தோளில் தூக்கினோம். மதில் முடியும்வரை கரை, பிறகு சேறு, பிறகு ஒரு மதகு, அதற்கப்பால்தான் ரோட்டு. நான்குதரம் தோள் மாற்றினேன்.

அடுத்தநாள் ஒழுங்கையைச் சிவப்பாக்கினேன். மேலதிகாரி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ஆரைக் கேட்டு மாத்தினீர்? தூரம் அளந்தனீரோ?"

"ஓம் சேர். நடந்தனான்."

"தனியவோ?"

"இல்லை சேர். அண்ணையோடை."