கட்டைவிரலுக்குக் கீழே மேகம்

மனிதர்களில் சாதக வரி வாசகர் என்றொரு வகையினர் இருக்கிறார்கள். முடிவை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு அறிக்கையைக் கையில் எடுப்பவர்கள். எடுத்த அறிக்கையில் தம் முடிவுக்கு ஒத்துவரும் வரி கண்ணில் பட்டவுடன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுவிடுபவர்கள். ஒத்துவராத வரி எதிர்ப்பட்டாலோ, வேண்டாத உறவினரைக் கடைத்தெருவில் கண்டதுபோல் சாலையின் மறுபக்கம் ஒதுங்கிவிடுபவர்கள். இவர்கள் பொய் சொல்வதில்லை. படித்ததைத்தான் சொல்கிறார்கள். படிப்பதில்தான் சிக்கனம்.

எல்லாத் தொழிலிலும் இவர்கள் உண்டு. ஆனால் இவர்களுடைய திறமை முழுப் பொலிவோடு விளங்குவதைக் காண விரும்பினால், சிறு விமானங்கள் வந்து போகும் ஒரு நிலையத்தின் வானிலை அறைக்குக் காலை நேரத்தில் செல்ல வேண்டும். அங்கே ஒரு நீள மேசை. காற்றுக்கு அம்பும் மேகத்துக்கு நெளிகோடும் இட்ட வரைபடங்கள். அரை மணிக்கொரு தடவை, ஒவ்வோர் ஊரின் காற்று, பார்வைத் தூரம், மேகத்தின் உயரம், வெப்பம் அனைத்தையும் ஒரே வரிச் சுருக்கெழுத்தில் துப்பும் அச்சு எந்திரம். படிக்கத் தெரிந்தவருக்கு அந்த வரியில் ஒளிவுமறைவு ஏதும் கிடையாது. ஒளிவுமறைவை வாசகர்தான் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

நம்மவர் கொண்டுவந்திருந்தார்.

அவர் பல் மருத்துவர், வயது ஐம்பத்து மூன்று. ஆறு ஆண்டுகளுக்கு முன் விமானம் ஓட்டும் உரிமம் பெற்றார். தரையைக் கண்ணால் பார்த்தபடி ஓட்டுவதற்கான உரிமம் அது, மேகத்துக்குள் நுழைய அதில் இடமில்லை. நான்கு பேர் சேர்ந்து வாங்கிய சிறு விமானத்தில் அவருக்குக் கால் பங்கு. எந்தக் கால் என்று அவருடைய அக்கா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. குடும்பத்தில் எல்லோரும் அவரைப் பாதி மரியாதையாகவும் பாதி கிண்டலாகவும் ‘கேப்டன்’ என்று அழைப்பார்கள். அவர் முதல் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

தொழிலில் அவர் கறாரானவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். “அப்பப்பதான் டாக்டர் வலிக்குது” என்று நழுவப் பார்க்கும் நோயாளியிடம், “வலி அப்பப்ப வரும். சொத்தை எப்பவும் இருக்கும். வாயைத் திறங்க” என்பார். அடுத்தவர் வாய்க்குள் அவர் ஒரு நிழலைக்கூடத் தவறவிட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை, மலைக்கு அப்பாலுள்ள நகரத்தில், பகல் ஒரு மணிக்கு, அக்காவின் ஒரே மகள் மேடையேறிப் பட்டம் வாங்குவதாக இருந்தது. அக்காவுக்கு முன் வரிசையில் நாற்காலி. பேருந்தில் மூன்றரை மணி நேரம், விமானத்தில் ஐம்பது நிமிடம். “பஸ்ல போய் இடுப்பை ஒடிச்சுக்காதேக்கா, நான் இருக்கேன்ல?” என்று ஒரு மாதத்துக்கு முன் சாப்பாட்டு மேசையில் பதினோரு பேர் முன்னிலையில் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே வானம் எப்படி இருக்கும் என்பது ஒரு மாதத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது.

அக்கா மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, நிலையத்து வாசலுக்கு எதிரே ஒன்பது பத்துக்கு ஒரு பேருந்து நிற்கும், விழாவுக்குப் போய்ச்சேரும் கடைசி வண்டி அதுதான், என்று விசாரித்து வைத்திருந்தாள்.

ஏழரை மணி அறிக்கை வந்தது. அவர் அதை அட்டையில் செருகி, இடது கையால் பிடித்து, வலது கையால் ஒரு வரியைத் தட்டினார்.

“பாத்தியாக்கா? ‘படிப்படியா தெளியும்’னு போட்டிருக்கான்.”

“அதுக்குக் கீழ என்னடா?”

“கீழயா? அது சும்மா சம்பிரதாயத்துக்கு.”

மேசைக்கு அப்பால் இருந்த வானிலை அலுவலர், இந்த மருத்துவரிடமே இரண்டு கடைவாய்ப் பற்களை அடைத்துக்கொண்டவர், தலை நிமிராமல் சொன்னார்: “சம்பிரதாயம் இல்ல டாக்டர். ஒம்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் மலைமேல இடையிடையே மூடுபனி.”

“இடையிடையேதானே மேடம்?”

“நீங்கதானே டாக்டர் சொன்னீங்க, அப்பப்ப வலிச்சாலும் சொத்தை சொத்தைதான்னு?”

அவர் சிரித்தார். பல் வேறு, பனி வேறு என்பதுபோல் இருந்தது அந்தச் சிரிப்பு.

எட்டு மணி அறிக்கையில் போய்ச்சேர வேண்டிய ஊரில் மேகம் நானூறு அடிக்கு இறங்கியிருந்தது. உடனே அவர் அந்த ஊரைக் கைவிட்டு, கடலோரத்தில் அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறோர் ஊரின் அறிக்கையை எடுத்துக்கொண்டார். அங்கே ஒரு துண்டு மேகமும் இல்லை.

“பக்கத்து ஊர்ல பளிச்சுனு இருக்கேக்கா!”

“பட்டம் பக்கத்து ஊர்லயா குடுக்கறாங்க?”

எட்டரை மணி அறிக்கையை அவர் விரும்பவில்லை. அடுக்கிலிருந்து ஒரு வரைபடத்தை உருவி, அதன்மீது குனிந்து, நீண்ட நேரம் மகிழ்ச்சியாக இருந்தார். மலைமேல் நெளிகோடே இல்லாத அழகான வரைபடம்.

“அது நேத்து சாயங்காலத்துது, டாக்டர்.”

“போக்கு எப்படின்னு பாக்கணும்ல மேடம்?”

“பாருங்க. நேத்து நல்லாத்தான் போயிருக்கலாம்.”

இத்தனை நேரமும் அக்கா பெஞ்சில், மடியில் கைப்பையோடு, அறிக்கையைப் பார்க்காமல் தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடது கைக் கட்டைவிரலை அவளுக்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளாகத் தெரியும். நான்காம் வகுப்பு மதிப்பெண் அட்டையை அவன் அப்பாவிடம் நீட்டியபோது, தமிழும் வரலாறும் ஓவியமும் வெட்டவெளிச்சமாய் நிற்க, கணக்கு மட்டும் அதே விரலுக்கு அடியில் இருந்தது. அப்பா கண்ணாடியைத் தேடுவதற்குள் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. பக்கத்தில் நின்ற அக்கா அன்று ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தவறு இன்று அவளை முன் வரிசை நாற்காலிவரை துரத்தி வந்திருந்தது.

போய்ச்சேர வேண்டிய ஊரின் ஒன்பது மணி அறிக்கையும் வந்து அட்டையில் ஏறியது.

“காத்து பிரமாதம்க்கா. வேகம் நாலே நாட். இதைவிட என்ன வேணும்?”

“விரலை எடு.”

“எந்த விரல்?”

“டேய்.”

விரல் நகர்ந்தது. கீழே இரண்டு எண்கள் இருந்தன: வெப்பம் பதினான்கு, பனி படியும் வெப்பமும் பதினான்கு.

“ரெண்டும் ஒண்ணா இருந்தா என்ன அர்த்தம்மா?” என்று அக்கா அலுவலரைக் கேட்டாள்.

“காத்து இனிமே ஈரத்தைத் தாங்காதும்மா. பனியா மாறிக்கிட்டே இருக்கும். இப்போதைக்கு விடாது.”

அக்கா எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

“அக்கா, அவசரப்படாதே. ஒம்பதரைக்கு அடுத்த ரிப்போர்ட் வருது!”

“ஒம்பது பத்துக்கு பஸ் வருது.”

“நான் பதினோரு மணிக்குக் கிளம்பினாலும் உனக்கு முன்னாடி போய் நிப்பேன்.”

“அப்படின்னா என் நாற்காலியைப் பிடிச்சு வை.”

அவள் சாலையைக் கடந்து பேருந்தில் ஏறியதை அவர் ஜன்னல் வழியே பார்த்தார். பயணத்தை அவர் ரத்து செய்யவில்லை. அந்தச் சொல் இவ்வகையினரின் அகராதியில் கிடையாது. ஒன்பதரைக்குத் தள்ளிவைத்தார். ஒன்பதரையில் பத்துக்கு, பத்தில் பத்தரைக்கு. பறப்புத் திட்டப் படிவம் கையெழுத்து ஒன்று தவிர மற்றெல்லாம் பூர்த்தியாகி மேசைமேல் கிடந்தது. பதினொன்றரை மணிக்கு நிலையத்தின் தலைக்கு மேல் வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்தது. அவர் வெளியே ஓடி, அதைப் படம் பிடித்து, மலை தெரியாத கோணமாகப் பார்த்து, குடும்பத்தார் எல்லோருக்கும் அனுப்பினார்: ‘போயிருக்கலாம்.’

ஒன்று இருபதுக்கு அக்காவிடமிருந்து இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில், கறுப்பு அங்கியில் மகள், கையில் பட்டச் சுருள், முன் வரிசையிலிருந்து எடுத்த நெருக்கம். மற்றொன்று மலையுச்சியில் பேருந்து ஜன்னலோரம் எடுத்தது: மரமில்லை, பாறையில்லை, சாலையில்லை, வெள்ளை.

நம்மவர் இரண்டாவது படத்தைத்தான் எடுத்துக்கொண்டார். பெரிதாக்கினார். மேலும் பெரிதாக்கினார். இடது மேல் மூலையில் விரல்நகம் அளவுக்கு நீலம் தென்பட்டது. அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார்.

‘பாத்தியாக்கா? அந்த நேரமே தெளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு.’

பதில் உடனே வந்தது.

‘அது பஸ்ஸோட திரைச்சீலைடா.’

அந்தச் செய்தி தமக்குக் கிடைக்கவே இல்லை என்று அவர் இன்றுவரை சொல்லிவருகிறார்.

வாசகரே, இவ்வளவு நேரம் நீங்கள் ஒருவரை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மைத்துனராக இருக்கலாம், மேலதிகாரியாக இருக்கலாம், அடுத்த வீட்டுக்காரராக இருக்கலாம். அச்சு அசலாக அவர்தான், இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்திருப்பீர்கள். தாராளமாகக் காட்டுங்கள். அதற்கு முன், இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கிறதே உங்கள் கட்டைவிரல், அதைச் சற்று நகர்த்துங்கள்.

அங்கே ஒரு வரி இருக்கிறது.