மஸ்கட்டில் இருந்த அண்ணன்

அந்த வயதுவரை எந்த விண்ணப்பப் படிவத்தையும் நான் முழுதாகப் படித்ததில்லை. ஒன்றையாவது படித்திருந்தால் எனக்கு ஓர் அண்ணன் பிறந்திருக்க மாட்டான்.

தொண்ணூறுகளின் நடுவில், புனே கட்கியில், குண்டு ஃபேக்டரித் தொழிலாளியின் ஒரே மகனாக நான் பன்னிரண்டாவது தேறியிருந்தேன். எனக்கு பி.காம். ஆசை. அப்பாவுக்கோ என்னை ஃபேக்டரியில் அப்ரண்டிஸாகச் சேர்க்க ஆசை.

"ட்ரஸ்ட்காரங்க உதவி பண்ணா காலேஜு. இல்லன்னா ஜூலைலேர்ந்து என் சைக்கிள்ல ஏறு."

நான் விண்ணப்பித்திருந்த அந்த டிரஸ்ட் மூன்று வருஷமும் கட்டணம் கட்டி, சனிக்கிழமைகளில் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கும். அதற்கு முன் வீட்டைப் பார்க்க ஆள் வரும்.

படித்த களையுள்ள வீட்டுக்குத்தான் உதவி கிடைக்கும் என்று நானாக முடிவு செய்தேன். (அந்த வயதில் முடிவுகள் என்னுடையவை, விளைவுகள் குடும்பத்துக்கு.) பக்கத்து வீட்டு மூர்த்தியண்ணன் கறுப்பு அங்கியில் பட்டச்சுருளோடு நிற்கும் போட்டோவை, அவருடைய அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் எடுத்துவந்து எங்கள் சுவரில் மாட்டினேன்.

டிரஸ்ட் மேடம் வயதான மராட்டிப் பெண்மணி. உட்காரும் முன்பே சுவரைப் பார்த்து, "யார் இது?" என்றார் இந்தியில்.

"என் அண்ணன். பி.காம்."

மேடம் பேனாவை மூடினார். "வீட்டில் யாருமே காலேஜ் வாசலை மிதிக்காத பிள்ளைகளுக்குத்தான் இந்த உதவி. படிவத்தின் மேலேயே போட்டிருக்கிறதே?"

போட்டிருந்தது. நான் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் அண்ணனை மஸ்கட்டுக்கு அனுப்பினேன். "சண்டை போட்டுட்டுப் போயிட்டார் மேடம். லெட்டர்கூட வர்றதில்லை." குரல் தானாகவே உடைந்தது. எனக்கே அவன்மேல் கோபம் வந்தது.

அப்போது அம்மா டீயோடு வந்தாள். மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மஸ்கட்டில் இருக்கும் பெரிய மகன் இப்படிச் செய்திருக்கக் கூடாது" என்றார்.

"மேரேகு ஏகீச் லட்கா மேடம்" என்று அம்மா தன் ஒரே பிள்ளையான என்னைக் காட்டினாள். பிறகு ஏதோ யோசித்தாள். கட்டிலில் வாய்பிளந்து உட்கார்ந்திருந்த அப்பாவிடம் மெதுவாகத் திரும்பினாள்.

"யோவ், இன்னாயா இது? எந்த ஊட்டுல பெத்த?"

"அடியே, நான் லோனாவாலா தாண்டி எங்கடி போனேன்!"

"மஸ்கட்ல இருக்கறவன் லோனாவாலால பொறந்திருக்கக் கூடாதா?"

சத்தம் கேட்டு மூர்த்தியண்ணனின் அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி சண்ட? ஐயே, எங்க மூர்த்தி போட்டோ இங்க இன்னா பண்ணுது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீயைப் பார்த்தேன்.

மேடம் எழுந்துவிட்டார். ஜூலையும் சைக்கிளும் கண்ணெதிரே வந்து நின்றன. அப்போது, யாரும் எதிர்பாராமல், அப்பா கைகூப்பித் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்.

"இவன காலேஜ்லயே சேத்துடுங்க மேடம். நாங்க குண்டு செய்யற எடம் அது. ஒண்ணையும் படிக்காம கை வெக்கறவன அங்க வுட்டா, கட்கியே இருக்காது."

மேடம் மறுபடி உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார்.

உதவி கிடைத்தது. மற்ற பிள்ளைகளின் படிவங்களுக்கு அப்பா கையெழுத்து போதும். எனக்கு மட்டும், எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டி அவள் கைநாட்டும் வாங்கிவர வேண்டும் என்று நிபந்தனை. இப்படியே மூன்று வருஷம். பி.காம். பட்டம் எனக்குத்தான் கொடுத்தார்கள். படிவங்களின் விதிமுறைகள் மட்டும் அம்மாவுக்கு இன்னும் மனப்பாடம்.

அப்பா ரிட்டயர் ஆகி வருஷங்களாகிவிட்டன. இப்போதும் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அம்மா எடுக்க மாட்டாள். அப்பாவிடம் நீட்டுவாள்.

"எடு. உன் பெரிய புள்ளயா இருக்கும்."