மாப்பிள்ளை பேசும்போது வானொலியை நிறுத்தலாகாது

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் அத்தை, உங்கள் மனைவி மூவரும் நலம். என் கழுத்து மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்றாலும், அதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று உங்கள் அத்தை உத்தரவு போட்டிருப்பதால் மெல்ல வருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இதை நான் எழுதுவது உங்கள் மனைவிக்குத் தெரியாது. படித்ததும் கிழித்துவிடவும். போன வாரம் ஒரு கையில் பையும் மறு கையில் தையல் பெட்டியுமாக அவள் வந்து இறங்கினாள். "என்னம்மா, திடீர்னு?" என்றேன். "நாட்டுக்கே காலை வணக்கம் சொல்றாருப்பா, எனக்கு ஒருநாள் சொன்னதில்ல. வீட்டுக்கு வந்தா வாயில பூட்டு. உப்பு போதுமான்னு கேட்டா தலையாட்டுறாரு. அவரே வந்து, வாயைத் திறந்து கூப்பிட்டாத்தான் போவேன்" என்றாள். நான் உங்கள் பக்கம்தான் பேசினேன். தண்ணீர் வாரியத்தில் நாளெல்லாம் வீடு வீடாக மீட்டர் பார்த்து எழுதிய காலத்தில், வீட்டுக்கு வந்தால் நான் கடிகாரத்தைக்கூடப் பார்த்ததில்லை, பேசிப் பிழைப்பவருக்கும் ஓய்வு வேண்டாமா என்றேன். அறைக்கதவு படாரென்று மூடிக்கொண்டது. இந்தப் பிடிவாதம் எங்கள் பக்கத்துச் சொத்தில்லை, அவள் அம்மா பக்கத்துச் சொத்து.

இப்படி இருக்கும்போதுதான் நேற்று நாடு முழுவதற்குமான சிறப்பு ஒலிபரப்பு, காலை முதல் இரவு வரை எல்லா நிகழ்ச்சிக்கும் நீங்கள்தான் அறிவிப்பாளர் என்று சொன்னார்கள். உங்கள் அத்தை விடிவதற்கு முன்பே தலைவாரிக்கொண்டு வானொலிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். நான் காலை நீட்டினால் "மாப்பிள்ளை பேசுறாரு, காலை மடக்குங்க" என்கிறாள். கொஞ்சம் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போகலாமா என்றேன். "பேசிட்டிருக்கிற மனுஷனைத் திருகி வாயை மூடுவீங்களா? வீட்டு மாப்பிள்ளைங்க!" என்றாள். ஆக, உங்களை நிறுத்தவும் கூடாது, நீங்கள் சொன்னதை மீறவும் கூடாது என்று வீட்டில் சட்டமாகிவிட்டது. முதல் நிகழ்ச்சி உடற்பயிற்சி. கழுத்தை இடப்பக்கம் திருப்புங்கள், அப்படியே நிறுத்துங்கள் என்றீர்கள். நிறுத்தினேன். அடுத்து "நன்றி நேயர்களே, இனி செய்திகள்" என்று போய்விட்டீர்கள். நேராகத் திருப்பச் சொல்லவே இல்லை! நான் திருப்பப் போனேன், "சொல்லாமத் திருப்பாதீங்க, ஏதாவது காரணம் இருக்கும்" என்று உங்கள் அத்தை தடுத்துவிட்டாள். செய்தி முழுவதும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுத் தையல்காரர் தன்னைத்தான் முறைக்கிறேன் என்று நினைத்து, சட்டை தைத்துத் தராததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்து தோட்டக்கலை. ரோஜாச் செடியின் நுனியை எட்டு அங்குலம் நறுக்கச் சொன்னீர்கள். நம் செடியின் உயரமே அவ்வளவுதான். கத்தரிக்கோலோடு போன உங்கள் அத்தை, திரும்பி வரும்போது கையில் முழுச் செடியையும் கொண்டுவந்தாள். "படிச்சவங்க எழுதிக் கொடுத்துதானே அவர் சொல்றாரு" என்று சமாதானம் வேறு. பிறகு மகளிர் நிகழ்ச்சியில் காய்கறி சூப். அதற்கும் எட்டுக் கரண்டி உப்பு. போட்டோம். குடித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, கழுத்தைத் திருப்ப முடியாததால் துடைக்கவும் வசதிப்படவில்லை. உள் அறைக்கு ஒரு கிண்ணம் போனது. அது காலியாகத் திரும்பி வந்தது. சமையலில் ஒரு கல் உப்பு கூடினாலே வீட்டை இரண்டாக்குகிற பெண், அந்தச் சூப்பைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை என்றால் அவள் மனம் எங்கே இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

மதியம் வானிலை. வெப்பநிலை எண்பத்தெட்டு டிகிரி என்றீர்கள். உங்கள் அத்தை அலறிக்கொண்டு ஜன்னல்களைச் சாத்தினாள். அப்போது நீங்கள் சற்று நிறுத்தி, "மன்னிக்கவும், முப்பத்தெட்டு" என்றீர்கள். உள்ளே களுக்கென்று ஒரு சிரிப்பு. கதவு திறந்தது. "அம்மா, தாளைத் தள்ளிப் பிடிக்கிற சத்தம் கேட்டுச்சா? கண்ணாடி இல்லாமப் படிக்கிறாரு!" என்றாள். ஓடிப்போய்த் தையல் பெட்டியைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு நடுவே உங்கள் கண்ணாடி. "தினம் ராத்திரி இதுக்குள்ளதான் வைப்பாரு. நான் பாக்காம எடுத்துட்டு வந்துட்டேன். காணோம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அதுக்கும் வாய் வரலயா?" என்றாள். வாழ்நாளெல்லாம் எண்களைப் பார்த்தே சம்பளம் வாங்கிய எனக்கு, மூன்று எட்டாகிப் போனதும், கழுத்தை நேராக்கச் சொல்லும் வரி விட்டுப்போனதும் உறைக்கவில்லை. அவளுக்குத் தாள் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

அதன்பிறகு அவள் உள்ளே போகவில்லை. நாடகம், விளையாட்டு, சிறுவர் நிகழ்ச்சி என்று எல்லாவற்றையும் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். நீங்கள் தடுக்கிய இடத்திலெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று வானொலிக்குச் சொல்லிக்கொடுத்தாள். மாலையில் நேயர் விருப்பம் வந்தது. கையெழுத்துக் கடிதம், உங்களால் எப்படி முடியும்? தாளைத் தள்ளித் தள்ளிப் பிடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. உங்கள் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பேசினீர்கள், தாளைப் பார்த்துப் படிக்கிற குரல் இல்லை அது. "நேயர்களே, இதை எழுதியவர் யாருக்காக இந்தப் பாடலைக் கேட்டிருக்கிறார் என்று என்னால் படிக்க முடியவில்லை. வீட்டில் இல்லாத ஒருவருக்காக என்று வைத்துக்கொள்வோம். அவர் இல்லாத வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது." பாட்டு முடியும்வரை உங்கள் மனைவி அழுதாள், மாப்பிள்ளை. எனக்கும் மறுபடி கண்ணில் தண்ணீர் வந்தது, இந்த முறை அதற்கு உப்பு காரணமில்லை.

ஆனால் அழுது முடித்ததும் பழைய கதைதான். "ஊர் உலகத்துக்கே சொல்றாரு, எனக்கு நேரா சொல்லட்டும்" என்றாள். கண்ணாடியைத் தபாலில் அனுப்பவும் விடவில்லை, உடைந்துவிடுமாம். ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வாருங்கள். எழுதிவைத்துப் படிக்க வேண்டாம். நேற்று மாலை பேசியதுபோல நாலு வார்த்தை பேசினால் போதும். நீங்கள் வராமல் அவள் இந்தப் படி இறங்க மாட்டாள், இது உறுதி.

இருவரும் நெடுங்காலம் ஒருவரோடொருவர் பேசி வாழ என் ஆசிகள். உங்கள் அத்தை எழுந்து நின்று தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
இன்னும் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம், வரவும் வேண்டாம். உறையை ஒட்டும்போது உங்கள் அத்தை, "கண்ணாடி இல்லாத மனுஷன் இதை எப்படிப் படிப்பாரு?" என்றாள். எனக்குத் தோன்றவே இல்லை. அது உங்கள் மனைவி காதில் விழுந்து, "குடுங்க, நானே போய்ப் படிச்சுக் காட்டுறேன்" என்று பையோடு வாசலில் நிற்கிறாள். வாயைத் திறந்து கேட்டால்தான் கண்ணாடி கிடைக்குமாம். மகளே, நீ படித்துக் காட்டப் போவதால் சொல்லிவிடுகிறேன், அந்தப் பிடிவாதத்தைப் பற்றி எழுதியது உன் அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. படிப்பதை இதோடு கொஞ்சம் நிறுத்தம்மா, மாப்பிள்ளை ஏதோ சொல்ல வருகிறார்.