எங்க லயத்துக்கு வந்த ரெண்டாவது தொரை

போன மாசம் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேல. அம்மா சுவிட்ச தொடாம லைட்டு போடணும்.

அவ்வளவுதான்!

தோட்டத்து லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டுன வீடுங்கள்ல, எங்க காம்பராவும் ஒண்ணு. அதோட கூரைத் தகரம் ஓட்டை. மழ பெஞ்சா தண்ணி நேரா சுவிட்சு இருக்குற செவுத்துலதான் எறங்கும். தேயிலக் கொழுந்து எடுத்துட்டு ஈரக் கையோட வர்ற அம்மா அதத் தொட்டா 'சுர்ர்'னு இழுக்கும். புது தகரம் கேட்டு தோட்டத்து ஆபீசுக்கு மூணு தடவ லெட்டர் குடுத்தாச்சு. மூணு தடவயும் "பாப்போம்"னுட்டாங்க.

சரி, கூரைய மாத்த முடியாட்டி சுவிட்ச மாத்துவோம்னு கெளம்புனேன். புத்திசாலி இல்லையா நானு?

நான் பதுளை டவுன்ல ஒரு ஃபோன் ரிப்பேர் கடைல வேல செய்யுறேன். உள்ளங்கை அளவுல ஒரு கம்ப்யூட்டர் போர்டு, ஒரு மைக்கு, ஒடஞ்ச ரேடியோல இருந்து கழட்டுன ஒரு ஸ்பீக்கர். எல்லாத்தையும் காஞ்ச செவுத்து மூலைல மாட்டி, லைட்டு வயரையும் அதோட சேத்தேன். வாயால சொன்னா லைட்ட போடும், பாட்டு போடும். இன்டர்நெட்டே வேணாம். எங்க மலைல சிக்னல் வேணும்னா கோயில் மேட்டுக்கு ஏறணும், அதையும் யோசிச்சுத்தான் செஞ்சேன்.

ஒரே ஒரு பிரச்சன. மெஷினுக்கு ஒரு பேரு வைக்கணும். அந்தப் பேரச் சொன்னாத்தான் அது முழிச்சுக்கிட்டு, அடுத்து நம்ம சொல்றதக் கேக்கும்.

முதல்ல 'பாப்பா'ன்னு வச்சேன். லயத்துல எத்தன பாப்பா இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. பக்கத்துக் காம்பராவுல "பாப்பா, சோறு திங்க வாடி"ன்னா இங்க லைட்டு எரியுது! அப்புறம் 'ராஜா'ன்னு வச்சேன். அது அம்மா எங்க ஆட்டக் கூப்பிடுற பேரு.

வீட்டுக்குள்ள யாரும் எப்பவும் சொல்லாத பேரா இருக்கணும். நான் மண்டைய ஒடச்சுக்கிட்டு இருந்தப்போ அப்பாதான் சொன்னாரு.

"தொரைன்னு வையி. இந்த லயத்துக்குள்ள தொரை எந்தக் காலத்துல வந்திருக்காரு?"

அடேயப்பா! என்னா மூள!

தோட்டத்து மேனேஜரத்தான் நாங்க தொரைன்னு கூப்பிடுறது. காலைல வேல பிரிச்சுக் குடுக்குற பெரட்டுக் களத்துல பாப்போம், ஆபீஸ் சன்னல்ல பாப்போம். லயத்துப் பக்கம் அவரு ஜீப்பு நின்னதே கெடையாது.

வச்சுட்டேன். இந்த தடவ எங்க மூணு பேரு கொரலையும் நூறு தடவ பதிஞ்சு பழக்குனேன். வேற யாரு கூப்பிட்டாலும் அசையாது.

பதில் சொல்ற கொரலு அப்பாவோடது. தோட்டத்து வேலைல இருந்து நின்னு சும்மா கெடந்த மனுசன், திடீர்னு பெரிய நடிகராயிட்டாரு. "தொரை"ன்னு கூப்பிட்டா, அசல் தொரை மாதிரியே மூக்கால "ம்ம்! என்னா?"ன்னு கேக்கும். "வாய மூடு"ன்னு சொன்னா, "தப்புதாங்க, மன்னிச்சுக்கங்க"ன்னு சொல்லிட்டு அடங்கிரும். அந்த ரெண்டாவத பதிஞ்சப்போ அப்பா மொகத்துல இருந்த சந்தோசத்த நான் எந்தக் கல்யாண வீட்லயும் பாத்ததில்ல.

ரெண்டு நாளா வீட்ல ஒரே கூத்து. அப்பா கட்டில்ல கால நீட்டிக்கிட்டு, "தொரை, லைட்டப் போடு! தொரை, லைட்ட நிப்பாட்டு! தொரை, வாய மூடு!" பக்கத்து ஆளுங்க எல்லாம் வேடிக்க பாக்க வந்தாங்க. "எங்க கொரலையும் ஒரு தடவ பதிஞ்சு விடேன் புள்ள"ன்னு கெஞ்சுனாங்க.

மூணாவது நாள் சாயங்காலம். மழ இருட்டு. வாசல்ல சப்பாத்துக் கால் சத்தம் கேட்டுச்சு.

தொரை! நெசத் தொரை!

பின்னால கணக்கப்புள்ள, கைல ஒரு லிஸ்ட்டோட. எந்தெந்த வீட்டுக்குப் புது தகரம் குடுக்குறதுன்னு பாக்க வந்திருக்காங்களாம். அம்மா அப்பத்தான் மலையில இருந்து எறங்கி வந்திருந்துச்சு. கூடைய முதுகுல இருந்து எறக்கக்கூட மறந்துருச்சு.

"வாங்க தொரை!"

"ம்ம்! என்னா?"

அம்மா ரெண்டு கையையும் கூப்பிருச்சு. வந்ததும் வராததுமா தொரை கோவமா இருக்காருன்னு நெனச்சு, கடகடன்னு ஆரம்பிச்சிருச்சு.

"லைட்டு போடத்தாங்க கஷ்டமா இருக்கு..."

டக்குனு லைட்டு எரிஞ்சது. தொரை மேல பாத்தாரு.

"தொரை..."

"ம்ம்! என்னா?"

"லைட்ட நிப்பாட்டக்கூட பயமா இருக்குங்க!"

லைட்டு நின்னுருச்சு. இருட்டுல கணக்கப்புள்ள, ஒழுகுற தண்ணிக்கு வச்சிருந்த வாளிய ஒதச்சுக் கவுத்துட்டாரு.

ஓடிப்போய் மெஷின் வயரப் புடுங்கிரலாம்னு பாத்தேன். வயரு சரியா தொரை காலுக்குப் பின்னால! கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லணும். அவர வேற எப்பிடிங்க கூப்பிடுறது?

"தொரை, கொஞ்சம்..."

"ம்ம்! என்னா?"

"யாரு அது?"ன்னாரு நெசத் தொரை, மூலையப் பாத்து.

அப்பாவுக்கு கையும் ஓடல, காலும் ஓடல. பதட்டத்துல கத்திட்டாரு.

"தொரை! வாய மூடு!"

லயமே அடங்கிப் போச்சு. கணக்கப்புள்ள கைல இருந்த பேனா கீழ விழுந்து உருண்ட சத்தம்கூட கேட்டுச்சு.

அந்த அமைதியில, மூலையில இருந்து பணிவா ஒரு கொரலு.

"தப்புதாங்க, மன்னிச்சுக்கங்க."

மக்களே, அப்பவே தெமோதரை ஸ்டேஷனுக்கு எறங்கிப் போயி, வர்ற ரயில்ல ஏறி எங்கயாவது தொலைஞ்சிரலாம்னு இருந்துச்சு எனக்கு.

வேற வழியில்லாம எல்லாத்தையும் சொன்னேன். பேரு வச்ச கதையையும் சேத்து. தொரை போர்டு முன்னாடி குனிஞ்சாரு, தொண்டையச் செருமுனாரு.

"தொரை, லைட் போடு."

ஒண்ணும் நடக்கல. இன்னொரு தடவ சொன்னாரு. மூணாவது தடவ கெஞ்சுற மாதிரியே சொன்னாரு. அது அசையவே இல்ல.

"நான் சொன்னா கேக்காதா?"

"கேக்காதுங்க"ன்னேன். வேற என்னத்த சொல்ல?

அதுக்குள்ள கணக்கப்புள்ள லிஸ்ட்ட விரிச்சுட்டாரு. "வீட்ல கம்ப்யூட்டரு வச்சு வெளையாடுறாங்க தொரை. இவங்களுக்கு என்னா கஷ்டம்? பேர வெட்டிருவோமா?"

அம்மா மூணு தடவ ஆபீஸ் வாசல்ல நின்னது, நான் செஞ்ச ஒரு மெஷினால வீணாப் போகப் போகுது! அம்மா என்னையப் பாத்த பார்வ இருக்கே, நாலு அடி அடிச்சிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"வசதி இருந்து செய்யலைங்க! அந்த சுவிட்ச தொட முடியாமத்தான் செஞ்சேன்!"

"சுவிட்ச தொட என்னா பயம்?"னு கேட்டுக்கிட்டே கணக்கப்புள்ள, நான் "வேணாங்க!"ன்னு கத்துறதுக்குள்ள, அதுல வெரல வச்சுட்டாரு.

"ஐயோ அம்மா!"

லிஸ்ட்டு ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். நல்ல வேள, ஆளுக்கு ஒண்ணும் ஆகல. கைய உதறிக்கிட்டு தரையில ஒக்காந்துட்டாரு. அம்மா ஓடிப்போய் ப்ளேன்டீ ஊத்திக் குடுத்துச்சு.

தொரை சிரிப்ப அடக்க படாத பாடு பட்டாரு. அப்புறம் கூரையப் பாத்தாரு, ஈரச் செவுத்தப் பாத்தாரு. சிரிப்பு நின்னுருச்சு.

"இவங்க பேர முதல்ல போடுங்க. கரண்டு ஆள நாளைக்கே அனுப்புங்க."

மறுநாளே ஆளு வந்து வயரு, சுவிட்சு எல்லாம் புதுசா மாத்துனாரு. அடுத்த வாரம் தகரமும் வந்துருச்சு. இப்ப எவ்வளவு மழ பெஞ்சாலும் உள்ள ஒரு சொட்டு எறங்குறதில்ல. அம்மா, ஆச தீர லைட்ட போட்டுப் போட்டு நிப்பாட்டுது.

"இனி எதுக்குப்பா இந்த வம்பு? மெஷினக் கழட்டிறவா?"ன்னு கேட்டேன்.

அப்பா கட்டில்ல இருந்து எந்திரிக்காமலே மூலைல இருந்த மெஷினக் கைகாட்டுனாரு.

"முப்பது வருசம் அவரு சொன்னத நான் கேட்டேன். கொஞ்ச நாளைக்கு இவரு கேக்கட்டும், விடு."